தொண்ணூற்றாறு குழிகளும் நீலம்

இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு உண்டு. அதை வைத்து ஒரு நல்ல மனிதரின் மானத்தை வாங்கிய பெருமையும் உண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தேன் என்பதைச் சொல்லும்போது இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது புதுச்சேரியில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்து எட்டு மாதம். (வெள்ளைக் கோட்டுப் போட்ட போட்டோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பி முடித்திருந்தேன்.) விடுமுறைக்கு விருத்தாசலம் வந்தபோது, பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா புலம்பினார்.

"களிமண் தொட்டிகிட்ட ஒரே மூத்திர நாத்தமா இருக்குதும்மா. சரக்கு எடுக்க வர்றவங்க மூக்கப் பொத்திக்கிறாங்க. நீதான் கிருமியெல்லாம் படிக்கிறியே, என்னான்னு பாரேன்."

தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து முகர்ந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எட்டு மாத விஞ்ஞானி அவ்வளவு கீழே இறங்குவாளா? களிமண் குழம்பை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சில பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியை உண்டாக்கும். அது யூரியாவை உடைத்து நாற்றத்தைக் கிளப்பும். அந்த நொதியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. அதன் முதுகில் ஓர் அடையாளப் பொருளைக் கட்டியிருப்பார்கள். ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில், கடைசியாக ஊற்றும் திரவம் நீலமாகும். நீலம் வந்தால் நொதி இருக்கிறது.

ஆனால் இரண்டு சடங்குகளைத் தவறாமல் செய்ய வேண்டும். சோதனைத் தட்டின் குழிகளைப் பால் பவுடர் கரைசலால் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஆன்டிபாடி வெறும் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்கச் சில குழிகளில் களிமண் போடாமல் வெறுமனே விட வேண்டும். பால் பவுடர் டப்பா காலியாக இருந்தது. (டீயில் கலந்தது யார் என்ற விசாரணை வேண்டாம்.) வெறுங்குழி விடவோ மனம் வரவில்லை. தட்டிலிருந்த தொண்ணூற்றாறு குழிகளையும் சித்தப்பாவின் களிமண்ணால் நிரப்பினேன்.

தொண்ணூற்றாறும், வேட்டிக்கு நீலம் போட்ட வாளி மாதிரி ஆயின. என் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடத்திடம் காட்டும் வரை பொறுக்கவில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"உறுதியாயிடுச்சு சித்தப்பா. தொட்டியில யூரியேஸ் இருக்குது. யூரியா இருந்தா வர்ற சமாச்சாரம்."

"யூரியா எப்படிம்மா தொட்டிக்குள்ள வரும்?"

"ஒண்ணு, உரத்துலேர்ந்து வரணும். இல்ல, மனுஷன்கிட்டேர்ந்து வரணும்."

அந்த "மனுஷன்" என்ற சொல்லை எவ்வளவு மிடுக்காகச் சொன்னேன்! பட்டறையில் உரம் கிடையாது. நாள் முழுக்கத் தொட்டியோரம் நிற்கும் மனுஷனோ ஒருவர்தான். களிமண் கலக்கும் கலியமூர்த்தி அண்ணன். சித்தப்பா பத்துப் பேர் முன்னால் அவரைக் கேட்டுவிட்டார். "எங்க பொண்ணு டெஸ்ட்டு எடுத்துச் சொல்லிட்டா" என்று வேறு சேர்த்திருக்கிறார். கலியமூர்த்தி அண்ணன் கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இது தெரியாமல் மறுநாள் மேடத்திடம் தட்டின் படத்தை நீட்டினேன்.

"இதுல வெறுங்குழி எது?"

"எல்லாமே சாம்பிள்தான் மேடம்."

"பால் பவுடர் போட்டியா?"

நான் காலி டப்பாவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "திரும்பப் பண்ணு" என்றார்.

புதுப் பால் பவுடர் வாங்கித் திரும்பச் செய்தேன். பால் பூசாத இடத்தில் வெறுங்குழிகூட நீலமானது. பால் பூசிய இடத்தில், நொதியை நாங்களே போட்டு வைத்த குழி மட்டும் நீலம். களிமண் குழிகள் வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் நின்றன. யூரியேஸும் இல்லை, ஒன்றும் இல்லை.

போனில் சித்தப்பாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் கலியமூர்த்தி அண்ணன் போன விஷயத்தைச் சொன்னார். "இன்னிக்குக் காலையில சாக்கு மூட்டைய நவுத்துனா, பின்னாடி பூனைம்மா. குட்டி போட்டுக் குடும்பமே நடத்திக்கிட்டு இருக்குது. நாத்தம் அங்கேர்ந்துதான்."

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சித்தப்பா ஸ்கூட்டரில் மங்கலம்பேட்டைப் பக்கம் இருந்த அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அண்ணனின் மகள் வாசலில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்: "அப்பா, டெஸ்ட்டு எடுத்தவங்க வந்திருக்காங்க."

வழி நெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும், "ஆன்டிபாடி பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிச்சுண்ணே" என்றுதான் வந்தது.

அவர் என்னையே பார்த்தார். "ஒங்க டெஸ்ட்டுல எம்பேரு வந்துச்சா பாப்பா?"

"இல்லண்ணே."

"அப்பறம்?"

அந்த "அப்பறம்" எந்த நேர்முகத் தேர்விலும் நான் சந்திக்காத கேள்வி. "தப்பு என்னுதுண்ணே. நான் ஒழுங்காச் செய்யல" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். சித்தப்பாவும், "நானும் அவசரப்பட்டுட்டேன் கலியமூர்த்தி" என்றார்.

"இருவது வருஷமா ஒங்ககிட்ட வேல பாக்குறேன். நாங்க எங்க போறோம்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா? ரயில்வே லைன் தாண்டி முள்ளுக்குள்ள போயிட்டு வரோம். பொம்பளைங்க மத்தியானம் தண்ணியே குடிக்கிறதில்ல. அதப் பாக்க ஒரு டெஸ்ட்டு இல்ல."

கடைசியில் அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். கேட்ட இடத்திலேயே, அந்தப் பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பட்டறையில் கக்கூஸ் கட்ட வேண்டும். முதலாவதை மறுநாளே செய்தோம். (நான் பேசியபோது பூனைக்குட்டிகள்கூட எட்டிப் பார்த்தன.) இரண்டாவதற்கு மூன்று மாதம் ஆனது. கதவு மாட்டிய பிறகுதான் அண்ணன் வேலைக்கு வந்தார்.

பட்டம் வாங்கிய கையோடு இனிப்புப் பெட்டியுடன் பட்டறைக்குப் போனேன். பொம்மைக்குச் சாயம் பூசும் அக்கா ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு எழுந்தார். "செத்த இருங்க, டாக்டரம்மாவுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, என்னைத் தாண்டி அந்தக் கக்கூஸ் கதவை நோக்கி நடந்தார்.

சித்தப்பா வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. விசேஷ நாளில் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "டாக்டரம்மா காலியா இருக்குதா?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. கேட்பது என்னை அல்ல என்று எனக்குத் தெரியும்.