அம்பா என்றால் ஆகாதாம்

"இந்தப் பேர் பத்திரிகையில வரவே கூடாது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அச்சகத்துக் கம்ப்யூட்டர் திரையில், மணமகள் பெயர் மேல் அவள் விரல் அழுந்தியிருந்தது.

அம்பா என்று இருந்தது.

"தாய்னு அர்த்தம், அத்தை" என்றாள் மணப்பெண்.

"அர்த்தம் நல்லாத்தான் இருக்கு. கதை சரியில்லையே. ஒரு ஆம்பளையைக் கொல்லணும்னே மறுபிறவி எடுத்து வந்தவ."

"சும்மாவா எடுத்தா? சுயம்வரத்துல மாலையும் கையுமா நின்னவளைத் தூக்கிட்டு வந்தாரு பீஷ்மர். மனசுக்குப் பிடிச்சவன் இனி நீ வேண்டாம்னுட்டான். தூக்கிட்டு வந்தவரும் கட்டிக்க மாட்டேன்னுட்டாரு. அவ எங்க போவா? அழுதுட்டு அடங்கிப் போகாம திருப்பிக் கேட்டவன்னு எங்கப்பா ஆசையா வெச்ச பேரு."

அவள் அப்பா மூட்டை தூக்குகிறவர். அந்த வீட்டுக்கு வந்த முதல் பட்டச் சான்றிதழில் இருப்பது இந்தப் பெயர்தான். அதைத்தான் அத்தை ஒரு பொத்தானில் அழிக்கப் பார்த்தாள்.

"பத்திரிகைக்கு மட்டும்தானே" என்று மாப்பிள்ளை சமாதானத்துக்கு வந்தான். "சீதான்னு போட்டுடலாம்."

அச்சகக்காரர் அம்பாவை அழித்துவிட்டு சீதா என்று அடித்தார்.

"சீதாவைத் தீயில இறங்க வெச்சது யாரு? வயித்துப் பிள்ளையோட காட்டுக்கு அனுப்பினது யாரு?" என்றாள் மணப்பெண்.

"சரி, தமயந்தி?"

அடித்தார்.

"தூங்கிட்டிருந்தவளை நடுக்காட்டுல விட்டுட்டு ஓடினான் புருஷன். போகும்போது அவ சேலையில பாதியையும் கிழிச்சு எடுத்துக்கிட்டான்."

"அப்ப சாவித்திரின்னு போடுங்க" என்றாள் அத்தை, ஜெயித்துவிட்ட முகத்தோடு.

"ஒரே வருஷத்துல புருஷன் காலி. பரவாயில்லையா?"

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. "அம்மா, அது வேண்டாம்மா."

"அவதான் எமன் பின்னாலயே போய் மீட்டுட்டு வந்துட்டாளேடா."

"நான் வேலைக்குப் போறவ, அத்தை. எமன் வர்ற அன்னிக்கு லீவு கிடைக்கணுமே."

அச்சகக்காரர் சாவித்திரியையும் அழித்தார். மணமகள் பெயர் இருந்த இடத்தில் இப்போது வெறும் கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மணப்பெண் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "குத்தம் பேர்ல இல்ல, புருஷனுங்ககிட்ட. எந்தப் பேரை அச்சடிக்கிறீங்களோ, அந்தப் பேருக்காரியையே தேடிப் பிடிச்சு உங்க பையனுக்குக் கட்டி வைங்க. அம்பான்னு இருந்தா நான் வர்றேன்."

"வாயைப் பாரு" என்ற அத்தை, அச்சகக்காரரிடம் நியாயம் கேட்கத் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கய்யா. கல்யாணத்துக்கு ஆகாத பேரைக் கல்யாணப் பத்திரிகையில போடலாமா?"

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையை மணமகன் பெயர் வரைக்கும் இறக்கினார்.

"தேவவிரதன்கிறது, கல்யாணமே வேண்டாம்னு சத்தியம் பண்ணின பீஷ்மரோட சொந்தப் பேரும்மா, மொதல்ல இதை மாத்திடட்டுமா?"