வேன்ல கோழி இருக்கு

வீடு காட்ட வரும் ஏஜெண்டுகள் எல்லோரையும் யாரோ ஒருவரே உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்க வேண்டும். கூரை ஒழுகுகிற வீடாக இருந்தாலும் சரி, பின்பக்கத்துச் சாக்கடையில் உடும்பு நீச்சலடிக்கிற வீடாக இருந்தாலும் சரி, கதவைத் திறந்ததும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இது ஃபேமிலி ஏரியா சார்." (உடும்புக்கும் குடும்பம் உண்டுதானே.)

ஃபேமிலி ஏரியா என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. எனக்கோ எதையும் விசாரிக்காமல் விட முடியாத வியாதி. பெட்ரோல் போட நின்றால்கூடப் பக்கத்துக் காடிக்காரர் (எங்கள் பக்கம் காரைக் காடி என்போம்) எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார், அவருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்ப மாட்டேன். என் மனைவி கோமதி இதை நீள மூக்கு என்பாள். நான் ஆர்வம் என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஆர்வம்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் தாமான் என்கிற ஒரு குடியிருப்பின் விளையாட்டுத் திடலில், ஒரு சப்பாத்திக் கட்டைக்கு முன்னால் என்னைக் கை தூக்கி நிற்க வைத்தது.

அப்போது நாங்கள் கெடா மாநிலத்தில், சிடாம் கிரியில் இருந்தோம். சுங்கைப் பட்டாணியில் நான் வேலை பார்த்த கம்பெனி, மூட்டை முடிச்சோடு கோலாலம்பூருக்குப் போக முடிவெடுத்தது. வேலை வேண்டுமென்றால் கூடவே வா என்றார்கள். நான் ரெடி. கோமதிதான் அசையவில்லை.

"அங்க போயி பிள்ள என்னா பண்ணுவா? நாலு செவத்துக்குள்ள போன தட்டிக்கிட்டு உக்காந்திருப்பாளா?"

அவள் கேட்டது நியாயம்தான். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை வாசலில் வீசிவிட்டு ஓடுவாள். அப்புறம் எந்த வீட்டில் குழம்பு வாசனை நன்றாக இருக்கிறதோ அந்த வீட்டில் அவளைத் தேட வேண்டும். கீழே விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் தூக்கி, திட்டி, முட்டியைக் கழுவி, அதற்கப்புறம்தான் எங்களைக் கூப்பிடுவார். தோட்டத்துப் பழக்கம். தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, இது மட்டும் போகவில்லை.

கோமதி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "எம்பிள்ள தனியா வெளிய போயி வெளாடற எடம்னா நான் வரேன். இல்லன்னா நீங்க மட்டும் போங்க. மாசத்துக்கு ஒருக்கா வந்து பிள்ளயப் பாத்துட்டுப் போங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து யாழினியைப் பார்ப்பதா? சரி, உண்மையான ஃபேமிலி ஏரியாவைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

கிளம்ப வண்டி வேண்டுமே. என் காடி பட்டறையில் கிடந்தது. கோமதியின் அண்ணன் சேகர், பக்கத்து ஊர் திகாம் பத்துச் சந்தையில் நாட்டுக்கோழி விற்பவர், தன் வேனைக் கொடுத்தார். வெள்ளை வேன். பின்பக்கம் ஜன்னல் கிடையாது. கதவை இழுத்தால் பேய் வீட்டுச் சத்தம் வரும்.

"மச்சான், போறதுதான் போறீங்க, இந்தக் கோழிங்கள அங்க என் கூட்டாளிகிட்ட குடுத்துடுங்கலா" என்று ஒரு சாக்கையும் உள்ளே வைத்தார். இரண்டு பெட்டை, ஒரு சேவல். மூச்சுவிடச் சாக்கில் ஓட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அவற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே போனேன். கோமதி வழியில் தின்ன ஒரு பாக்கெட் மிட்டாய் கொடுத்திருந்தாள்.

இப்போது ஒரு நிமிடம் நிறுத்தி, என்னிடம் என்னென்ன இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத வெள்ளை வேன். உள்ளே அசைகிற சாக்கு. சட்டைப்பையில் மிட்டாய். அன்று எனக்கு இதில் ஒன்றுமே தோன்றவில்லை. நான் வீடு பார்க்கப் போகிற ஒரு நல்ல அப்பா, அவ்வளவுதான்.

ஏஜெண்ட் காட்டிய வீடு நன்றாகவே இருந்தது. எதிரிலேயே திடல், ஊஞ்சல், ஒரு சின்ன கோல் கம்பம். "ஃபேமிலி ஏரியா சார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டைக் காட்டப் போய்விட்டார். நான் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாத் தாமானும் அமைதியாகத்தான் இருக்கும். சாயங்காலம் பிள்ளைகள் வெளியே வருகிறார்களா என்பதல்லவா கேள்வி? வேனைத் திடலோரம் மரநிழலில் நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கே ஒன்றிரண்டு திரைச்சீலைகள் விலகி என்னைப் பார்த்தன. நட்பான ஊர் என்று நினைத்துக் கையசைத்தேன். திரைச்சீலைகள் மூடிக்கொண்டன.

வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, பெரிய கூட்டம். சைக்கிள், பந்து, பூப்பந்து மட்டை. தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சத்தமாகக் கத்தினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பார்த்தது போதுமா? விசாரிக்க வேண்டாமா? எங்கள் பக்கம் ஒரு ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெரியவர்களைக் கேட்க மாட்டோம், மழுப்புவார்கள். பிள்ளைகளைத்தான் கேட்போம். எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார், எந்த நாய் கடிக்கும், எல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்துவிடும். யாரும் யாருடைய பிள்ளையையும் நிறுத்தி "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கலாம். கேட்டால் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும், அது மரியாதை.

ஊஞ்சலில் யாழினி வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பக்கத்தில் போனேன்.

"பேரு என்னாம்மா? யாரு வீட்டுப் பிள்ள நீ?"

ஊஞ்சல் நின்றது.

"எந்த வீடு? இந்த நேரத்துல வீட்டுல யாரு இருப்பாங்க? அப்பா எத்தன மணிக்கு வருவாரு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அங்கிள், நீங்க ஸ்ட்ரேஞ்சரா?"

"ச்சே ச்சே, ஸ்ட்ரேஞ்சர்லாம் இல்லம்மா, நான் கெடா" என்றேன், மார்பைத் தொட்டு. மிட்டாயை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். பட்டணத்துப் பிள்ளை, பாவம், நாட்டுக்கோழியை எல்லாம் எங்கே பார்த்திருக்கப் போகிறாள் என்று பரிதாபப்பட்டு, உலகத்தில் எந்த ஆண்மகனும் எந்தத் திடலிலும் சொல்லக் கூடாத அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"வேன்ல கோழி இருக்கு, வந்து பாக்குறியா?"

அந்தப் பிள்ளையின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியதை அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு சின்ன உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திடலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சைக்கிளையும் பந்தையும் போட்டது போட்டபடி, ஆளுக்கொரு திசையில் இல்லை, ஒரே வீட்டு வாசலை நோக்கி ஓடின. பழக்கப்பட்ட ஓட்டம். அந்த வாசலிலிருந்து, விசில் பிள்ளை சொன்னதைக் கேட்டபடியே, சப்பாத்திக் கட்டையோடு ஓர் அக்கா வந்தார். இடப்பக்கத்து வீட்டிலிருந்து துடைப்பத்தோடு இன்னொருவர். தலையில் பாதிச் சாயம் பூசியபடி ஒருவர். எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் ஒருவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தார். ஒரு சீன ஆன்ட்டி தன் காடியைக் கிளப்பிக்கொண்டு வந்து வேனுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, இறங்கி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கையத் தூக்குலா!" என்றார் கட்டை அக்கா. தூக்கினேன். மிட்டாய் பாக்கெட் கையிலேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து உயர்ந்தது.

"அக்கா, நான் வீடு பாக்க வந்தேன்க்கா..."

"வீடு பாக்க வந்தவனுக்கு எம்பொண்ணு அப்பன் எப்ப வருவான்னு எதுக்குலா?"

அந்த நேரம் பார்த்து வேனுக்குள் சாக்கு உருண்டது. எல்லோரும் கேட்டார்கள். கட்டை அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. எங்கள் பக்கத்து அம்மாக்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயமுறுத்துகிற பிள்ளை பிடிக்கிறவன், சாக்கோடு, நேரில் வந்து நிற்கிறான்.

"உள்ள என்னா?"

"கோழிக்கா."

"தொற!"

கதவை இழுத்தேன். பேய் வீட்டுச் சத்தம் வந்தது. பிள்ளைகள் அலறின. பெரியவர் சாக்கின் கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், நாளெல்லாம் அடைபட்டுக் கிடந்த சேவல் அவர் முகத்துக்கு நேரே பறந்து வந்தது. பெட்டைகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம். "ஆயாம்! ஆயாம்!" என்று சீன ஆன்ட்டி மலாயில் கோழியைச் சொல்லிக் கூவ, சற்று முன் என்னைப் பார்த்து ஓடிய பிள்ளைகள் எல்லாம் இப்போது கோழிகளைத் துரத்தி ஓடின. சேவல் கோல் கம்பத்தின் மேல் ஏறி நின்று கூவியது. நான் மட்டும் கையைத் தூக்கியபடியே நின்றேன். இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

பெட்டைகள் பிடிபட்டதும் அக்கா மறுபடி என்னிடம் வந்தார். "கோழி வச்சிருந்தா நல்லவனா? எந்த ஊரு?"

"சிடாம் கிரிக்கா. கெடா."

கட்டை கொஞ்சம் இறங்கியது. "எங்க நாத்தனா திகாம் பத்துலதான் இருக்கா. இரு." போனை எடுத்து வீடியோவில் நாத்தனாரைக் கூப்பிட்டு, கேமராவை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இந்த ஆளத் தெரியுமா பாரு."

போனில் ஊரே கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "ஐயோ, இது நம்ம கோழிக்கார சேகரோட தங்கச்சி வீட்டுக்காரருலா! கல்யாணத்தன்னிக்கு மணவறைய விட்டு எறங்கிப் போயி, சமையக்காரருகிட்ட அவரு குடும்பத்தப் பத்தி விசாரிச்சிக்கிட்டு நின்னாரே, தாலி கட்ட ரெண்டு தடவ கூப்புட வேண்டியதாப் போச்சே, அவருதான்! ஏன், அங்கயும் யாரையாச்சும் விசாரிச்சாரா?"

ஒருவருடைய நல்லொழுக்கத்துக்கு இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். திடலே சிரித்தது. என்னைக் கையை இறக்கச் சொன்னார்கள். கட்டை அக்கா, பெயர் பரமேஸ்வரி, "பசியாறிட்டுப் போங்கண்ணே" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய், அதே கட்டையால் சப்பாத்தி தேய்த்துப் போட்டார். விசில் பிள்ளை ஷர்மிளா எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைக் கண்கொட்டாமல் கண்காணித்தாள்.

சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே என் போனைப் பார்த்தேன். நாத்தனார் போனை வைத்த நேரத்திலிருந்து சேதி திகாம் பத்துச் சந்தையைத் தாண்டி சிடாம் கிரிக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று தெரியும். நினைத்து முடிப்பதற்குள் கோமதி அழைத்தாள். ஊரே அவள் வாசலில் நிற்பது பின்னணியில் கேட்டது. முடிந்தது, இனி மாதத்துக்கு ஒருமுறைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பிள்ள பிடிக்க வந்தீங்கன்னு பிடிச்சிட்டாங்களாமே?"

"கோமதி, நான் சும்மா ரெண்டு வார்த்த..."

"அத விடுங்க. அந்தப் பிள்ள மிட்டாய வாங்குச்சா?"

"இல்ல."

"கத்துச்சா?"

"விசில் ஊதுச்சு."

"யாரெல்லாம் வந்தாங்க?"

சொன்னேன். சப்பாத்திக் கட்டை, துடைப்பம், பாதிச் சாயம், கைலிப் பெரியவர், காடியைக் குறுக்கே போட்ட ஆன்ட்டி.

"எவ்ளோ நேரத்துல?"

"நான் வாய மூடறதுக்குள்ள."

அவள் திரும்பி அதை வாசலில் நின்ற ஊருக்குச் சொன்னது கேட்டது. அப்புறம் கோமதி சொன்னாள்: "அந்த வீட்டையே பேசி முடிச்சிட்டு வாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாதித் தலைச் சாயம் காய்வதற்குள் ஒருவர் ஓடிவந்தாரே, அது அவருடைய பிள்ளைக்காக இல்லை. நான் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த ஃபேமிலி ஏரியா என்னைச் சுற்றி வளைத்து நின்றிருக்கிறது, நான்தான் கையைத் தூக்கிக்கொண்டு அதைப் பார்க்காமல் நின்றிருக்கிறேன்.

சேவல் அன்று கம்பத்தை விட்டு இறங்கவில்லை. அது இன்றும் எதிர்வீட்டுப் பெரியவரிடம்தான் இருக்கிறது, விடியற்காலையில் எங்கள் வரிசையையே எழுப்புகிறது. சேகர் மச்சானின் கூட்டாளி என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. யாழினியும் ஷர்மிளாவும் ஒரே சைக்கிளில் தாமானைச் சுற்றுகிறார்கள். முட்டியில் அடிபட்டால் யாரோ திட்டி, கழுவி அனுப்புகிறார்கள்.

எங்கள் தாமானில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று நடத்துவார்கள். அதில் அந்நியர் வேஷம் எனக்குத்தான், வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. மிட்டாய் பாக்கெட்டோடு திடல் நடுவில் நின்று, என் ஒரே வசனத்தைச் சொல்வேன்: "வேன்ல கோழி இருக்கு, வந்து பாக்குறியா?" மொத்தப் பிள்ளைகளும் விசில் ஊதிக்கொண்டு ஓடும். போன வருஷம் எல்லோருக்கும் முன்னால், திரும்பிக்கூடப் பார்க்காமல், பரமேஸ்வரி அக்கா வீட்டு வாசலுக்கு ஓடியவள் யாழினி.