சம்பந்தியோடு கதைக்க வந்த ஹான் அம்மா

அன்புள்ள ஞானேந்திரன் அத்தானுக்கு,

கனடாவில் லாசாலிலிருந்து அருமைராசா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீங்களும் அக்காவும் அதைவிட நலமாயிருக்க நல்லூரான் துணை.

எங்கள் தனுஷா ஒரு கொரியப் பொடியனைக் கட்டப்போவது தெரியும்தானே. போன கிழமை அவனுடைய தாய் தகப்பன் சியோலிலிருந்து வந்து இறங்கினார்கள். முதல் நாள் மாப்பிள்ளை மின்ஜேதான் மொழிபெயர்த்தான். தகப்பன் பார்க் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசுவார்; பொடியன் "அப்பாவுக்குச் சந்தோஷம்" என்று முடித்துவிடுவான். இது சரிவராது என்று தனுஷா அடுத்த நாள் ஹான் என்றொரு உரைபெயர்ப்பாளரைக் கூட்டிவந்தாள். வழக்கு நடக்கிற கோட்டில் கொரிய மொழிக்கும் இங்கிலீசுக்கும் நடுவே நிற்கிறவராம்.

பார்க் வாய் திறந்ததும் அந்த மனுசி, "என் மகன் என்னிடம் கேளாமலே முடிவெடுத்துவிட்டான்" என்றார். இந்த மனுசியின் மகனுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று நான் முழிக்க, தனுஷா என் காலை மிதித்தாள். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டுமாம், அதுதான் தொழில் முறையாம். மகளுக்குத் தமிழ் ஓடாது என்பதால் அவளின் காதுக்குள் இங்கிலீசில், இந்தாளுக்குச் சிரிக்கவே தெரியாதோ என்று கேட்டேன் பாருங்கோ, அதையும் ஹான் என் எரிச்சல் குறையாமல் அச்சொட்டாகக் கொரிய மொழியில் எடுத்துக் கொடுத்துவிட்டார். காதில் விழுந்ததை விழுங்கவும் கூடாதாம். என் மனைவி சிவநேசம் தேத்தண்ணித் தட்டோடு நடுவழியில் நின்றுவிட்டா.

பார்க் என்னையே பார்த்தபடி மெதுவாகப் பேசினார். ஹான் முழுவதையும் கேட்டுவிட்டு, அதே நிதானத்தில், ஒரு சொல் தடுக்காமல் சொன்னார்: "எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறக்கப்போகும் பேரப்பிள்ளை என்னோடு எந்த மொழியில் கதைக்கும் என்று பயமாக இருக்கிறது."

அத்தான், அது பார்க் சொன்னதா, ஹான் சொன்னதா, நானே சொன்னதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பெற்ற பிள்ளையோடு நானே இங்கிலீசில்தானே குசுகுசுக்கிறேன்.

"எனக்கும் அந்தப் பயந்தான்" என்றேன்.

அந்தச் சொல் கொரிய மொழியாகி அவரிடம் போய்ச் சேர, முகம் இளகியதை என் கண்ணால் கண்டேன். மனுசன் எழும்பிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஹான் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். இத்தனை பேரின் மனதைத் தன் வாயால் கடத்திவிட்டு, தனக்கென்று ஒரு சொல்லும் பேசாமல் இருந்த அந்த மனுசியைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

ஆவணியில் கல்யாணம். எங்களுக்குள் மனம் விளங்கிவிட்டது. இனி நடுவில் ஒருவரும் தேவையில்லை. நீங்கள் இரண்டு பேரும் உடனே விசாவுக்குப் போடுங்கோ. அக்காவுக்கும் மருமக்களுக்கும் எங்கள் எல்லாருடைய அன்பு.

இப்படிக்கு,
அருமைராசா

பி.கு.: நேற்று பார்க் தானே போன் எடுத்தார். இருவரும் எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் நேரே மனம்விட்டுக் கதைத்தோம். கல்யாணம் இப்போது நின்றுபோயிருக்கிறது. ஹான் அம்மா திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை இரண்டு தகப்பன்மாரும் வாய் திறக்கக் கூடாதென்று தனுஷாவின் கட்டளை. விசாவுக்கு அவசரப்பட வேண்டாம்.