ஜெயபாண்டி கம்பெனி ஒயர்லெஸ் ஆன வரலாறு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது முதல் மகத்தான சம்பவம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஜெயபாண்டி முதலாளி தம் பட்டாசுக் கம்பெனிக்கு நெட்வொர்க் மாட்டியது இரண்டாவது. நடுவில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

இந்தப் புரட்சியைச் செய்ய விருதுநகரிலிருந்து வந்தவள் பானுப்பிரியா. மருந்து அடைக்கும் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதைக் கேமரா கண்காணிக்க வேண்டும். ஏழாம் ரூமில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி பானுவின் அம்மா இருளம்மாள். கேமரா ஓடினால் கூட்டம் குறையும், அம்மா முழுசாக வீடு வந்து சேருவாள். மகளின் ‘தொழில்நுட்ப நோக்கம்’ அவ்வளவுதான்.

முதல் நாளே ரூட்டரைக் காணோம். கேட்டில் வேலையாட்களின் போன்களைப் பூட்டி வைக்கும் தகரப் பெட்டிக்குள் அதையும் போட்டுப் பூட்டியிருந்தார் வாட்ச்மேன் கண்ணுச்சாமி.

“அண்ணே, அது போன் இல்ல. ரூட்டரு.”

“கொம்பு ரெண்டு இருக்கு. சிக்னல் வரும்ல? அப்ப போன்தான்.”

“தகரத்துக்குள்ள பூட்டுனா வைஃபை வெளிய வராதுண்ணே.”

“வரக்கூடாதுன்னுதானத்தா பூட்டுறது!”

இதைவிடப் பலமான நெட்வொர்க் பாதுகாப்பு உலகில் எங்கும் இல்லை. முதலாளியே நேரில் வந்துதான் அதை உடைக்க வேண்டியிருந்தது.

அடுத்த தடை சுவர்கள். ஒரு ரூம் வெடித்தால் மற்றது பிழைக்கட்டும் என்று கனத்த சுவர் வைத்து எட்ட எட்டக் கட்டியிருந்தார்கள். வைஃபை இரண்டாம் ரூமுக்கே மூச்சு வாங்கியது.

“காத்துல போறது சுவரத் தாண்டுனா தேஞ்சிரும் மொதலாளி. எல்லாக் கேமராவும் ஒரே காத்துல பேசுறதால முறை வச்சுக் காத்துக் கெடக்கணும். கேபிள் போட்டா அததுக்குத் தனி ரோடு. நடுவுல சுவிட்சு உக்காந்து எந்தப் படம் எந்த அட்ரஸுக்குன்னு பாத்து அனுப்பிரும்.”

“ஒயர்லெஸ் கம்பெனின்னு போர்டு எளுதிட்டேனேம்மா?”

“போர்டுக்கு ஒயர் வேண்டாம் மொதலாளி.”

மண்ணுக்கடியில் கேபிள் போனது. நூறு மீட்டருக்கு மேல் சேதி சோர்ந்துவிடும் என்பதால் இடையிடையே சுவிட்சுகள். ரூம்களுக்கு வெளியே கம்பத்தில், வாசல் வழியே உள்ளே பார்க்கும் சுழல் கேமரா. ஆபீஸ் டிவியில் ஏழாம் ரூம் பளிச்சென்று தெரிந்தது. முதலாளி எண்ணிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“ஏம்மா, நாலு பேரு மட்டும் தெரியுற மாதிரி செட்டிங் இல்லையா?”

“ஆளக் கொறச்சா தெரியும்.”

“சீசன் நேரம்மா, ஆர்டர் கெடக்கு. படத்துலதான கொறைக்கச் சொல்றேன்!”

மறுவாரம் அதிகாரி ‘திடீர்’ ஆய்வுக்கு வந்தார். அவர் வருவதற்குள் ஐந்து பெண்களைப் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் விரட்டியாகிவிட்டது. ஏழாம் ரூமில் சட்டப்படி நாலே பேர், போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

“பிரமாதம்!” என்றார் அதிகாரி, டிவியைப் பார்த்து. “படம் கொஞ்சங்கூட லேட் ஆகலையே. நான் பாத்ததுல வேகமான நெட்வொர்க் இதுதான்னு ரிப்போர்ட்ல எழுதிடுறேன்.”

பானு மவுஸைத் தொட்டாள். கம்பத்துக் கேமரா மெல்லத் திரும்பியது. முள்மர நிழலில், கை முழுக்க வெள்ளி நிற வெடிமருந்தோடு ஐந்து பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த ஓரத்துல இருக்கறது யாரும்மா?”

“எங்கம்மா சார். நீங்க ஜீப்பு ஏறுமுன்னயே உங்க ஆபீசுல இருந்து இங்கன சேதி வந்துருச்சு. கெளப்பி விட்டுட்டாக. வேகமான நெட்வொர்க்குன்னா அதத்தான் சார் எளுதணும். நான் மாட்டுனது அம்புட்டு வேகமில்ல.”