ஏழு கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன

பயம் என்றால் என்னவென்று அறுபத்து மூன்று வயது வரை எனக்குத் தெரியாது. லத்திக்குப் பயந்ததில்லை. எஸ்டேட் மேனேஜரின் இரண்டு நாய்களுக்கும் பயந்ததில்லை. பதினொரு முறை ஜெயிலுக்குப் போய் வந்திருக்கிறேன். கடைசித் தடவை வார்டரே, "வாங்க, எங்க ரொம்ப நாளா காணோம்?" என்று கேட்டார்.

அப்படிப்பட்ட நான் போன வியாழக்கிழமை என் சொந்த வீட்டில், விறகு அடுக்குக்குப் பின்னால், ஒரு துணிப்பையைக் கட்டிப்பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு கார். அந்தக் காரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

எல்லாம் ஒரு சபதத்தால் வந்தது. ஜிபியின் ஜீப்பில் ஏறுவதில்லை என்ற சபதம்.

சாந்தன்பாறையில் எங்கள் காலனி மேட்டுக்கு ஏறி வருவது அவன் ஜீப் ஒன்றுதான். பதினாறு வருடத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத் தொழிற்சங்கத்தில் இருபத்தொரு நாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்தோம். பத்தொன்பதாம் நாள் காலையில் அந்த ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலக்காட்டுக்குப் போனது. மறுநாள் போராட்டமே அதில் ஏறிப் போய்விட்டது. அன்றிலிருந்து நான் நடக்கிறேன். மழையிலும் நடக்கிறேன். ஜிபி பக்கத்தில் வந்து பிரேக் போடுவான். "அண்ணே, ஏறுங்கண்ணே." நான் வரலாற்றைப் பார்ப்பதுபோலப் பள்ளத்தைப் பார்ப்பேன்.

என் மனைவி சிசிலி தினமும் அதே ஜீப்பில்தான் ஏலக்காய் ஸ்டோருக்குப் போகிறாள். முப்பது வருடமாக அங்கே நின்றபடி காய் தரம் பிரிக்கிறாள். நான் நனைந்துகொண்டு நடக்கும்போது ஜீப்புக்குள்ளிருந்து எனக்குக் கையாட்டுவாள். அந்தக் கையாட்டல்தான் என்னைக் கார் வாங்கத் தூண்டியது.

பணம் இருந்தது. நான் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்றபோது தோழர்கள் ஒரு பொன்னாடையும் இருபத்தையாயிரம் ரூபாயும் கொடுத்து, இனிமேல் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்பதை மிக நாகரிகமாகச் சொன்னார்கள். பொன்னாடையைச் சிசிலியிடம் கொடுத்தேன். பணத்தைக் கொடுக்கவில்லை. நான் எழுதிய துண்டுப் பிரசுரங்களின் கட்டுக்குள் ஒளித்து வைத்தேன். உலகத்தில் எவனும் பிரித்துப் பார்க்காத இடம் அதுதான் என்பது என் நாற்பது வருட அனுபவம்.

வீட்டில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. கூரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது.

"ஏங்க, இடவப்பாதி மழை வந்துருச்சு. தகரம் மாத்தலைன்னா இந்த வருசம் கட்டில்ல குடை பிடிச்சுக்கிட்டுத்தான் படுக்கணும்."

"நிதி நிலைமை சரியில்லை, சிசிலி."

"யாரு நிதி?"

"பொதுவாகச் சொன்னேன்."

"கூரை பொதுவா ஒழுகலங்க. என் தலமாட்டுல ஒழுகுது."

பேச்சுவார்த்தையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தேன்.

இணையத்தில் பழைய கார் விற்பவர்களில் பாதிப்பேர் திருடர்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நானே ஒரு பிரசுரம் எழுதி, இருநூறு படி அச்சடித்திருக்கிறேன். 'கார் வாங்கும் தோழரே, கண்ணைத் திற!' என்பது தலைப்பு. ஏழு அம்சங்கள். நேரில் பார்க்காமல் வாங்காதே. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பார். விலை மிகக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேள். மெக்கானிக்கைக் காட்டு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று மோந்து பார். அவசரப்படுத்துகிறவனை நம்பாதே. முன்பணம் கொடுக்கவே கொடுக்காதே. இந்த ஏழையும் கையில் வைத்திருப்பவனை எவன் ஏமாற்ற முடியும்?

பழைய சாமான் விற்கும் ஆப்பில் ஒரு வெள்ளைக் கார் பார்த்தேன். நான்கு படங்கள். எண்பத்தையாயிரம் ரூபாய், தவணையிலும் தரலாம். படத்தைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ரசித்தேன். மூன்றாம் நாள் பிரசுரத்தைக் கையில் பிடித்தபடி ஆப்பிலேயே விற்பவனைக் கூப்பிட்டேன்.

"வணக்கம். உங்கள் காரைக் குறித்து எங்கள் தரப்பில் ஏழு கோரிக்கைகள் இருக்கின்றன."

"யாரு... சாந்தன்பாறை யாக்கோபு தோழரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"என்ன தோழர் இப்படிக் கேட்டுட்டீங்க? என் பேரு ஜிதின். பட்டாளத்துல இருக்கேன். எங்கப்பா தோட்டத் தொழிலாளி. அவர் தோள்ல உக்காந்து உங்க பேச்சைக் கேட்டு வளந்தவன் நான்."

அந்த ஆப்பில் என் பெயரும் ஊரும், கொடியோடு நான் நிற்கும் படமும் இருந்தன என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததால் எழுத்துகள் மங்கின. துடைத்துக்கொண்டு வாசித்தேன்.

"முதல் கோரிக்கை. வண்டியை நேரில் பார்க்க வேண்டும்."

"ஒத்துக்கறேன் தோழர். ஆனா வண்டி கேம்ப்புக்குள்ள நிக்குது. வெளியாளை விட மாட்டாங்க. உங்க வீட்டுக்கே அனுப்பறேன், நல்லாப் பாருங்க."

கொள்கையளவில் ஏற்பு. டிக் போட்டேன்.

"இரண்டு. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும்."

"கட்டாயம் இருக்கணும். இப்ப எங்க மாமனார் பேர்ல இருக்கு. மாத்திக்கிட்டே இருக்கேன்."

டிக்.

"மூன்று. விலை ஏன் இவ்வளவு குறைவு?"

"லாபம் வச்சு விக்கச் சொல்றீங்களா தோழர்? நீங்களா சொல்றீங்க?"

வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு டிக் போட்டேன்.

மெக்கானிக்குக்குச் சம்மதம். ஒருவர் போதாது, இருவராக வரட்டும் என்றான். மோந்து பார்க்கச் சம்மதம். அவசரமே இல்லையாம். இன்று சாயங்காலத்துக்குள் சொன்னால் போதுமாம்.

"ஏழாவது. முன்பணம் கிடையாது!"

"ரொம்பச் சரி. முன்பணம் வாங்குறவன் மனுசனே இல்ல. இது கேட் பாஸ். இருபத்தையாயிரம். வண்டி வந்ததும் விலையில கழிச்சுக்கலாம்."

பத்தே நிமிடம். ஏழு கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன. ஊர்வலம் போகத்தான் ஆளில்லை. அவன் சொன்ன பேங்க் நம்பரை எழுதிக்கொண்டு, தப்பு வரக் கூடாதென்று மூன்று முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். இரகசியமாகத்தான் பேசினேன். ஆனால் மைக் இல்லாமல் நாற்பது வருடம் பேசிய தொண்டை இது. வேலிக்கு அந்தப் பக்கம் சுருளியம்மாள் நின்றிருந்தாள்.

"யாக்கோபண்ணே, காரு என்னா கலரு?"

"எந்தக் கார்?"

"நீங்க பேசுனது கீழ சர்ச்சு வரைக்கும் கேட்டுச்சு. வெள்ளையா, செவப்பா?"

"மெதுவாகப் பேசு! சிசிலி காதில் விழும்."

"நான் மெதுவாத்தேன் பேசுறேன். நான் எதுக்குண்ணே அக்காகிட்டச் சொல்லப் போறேன்?"

அவள் நல்லவள். நம்பினேன்.

போனில் பணம் அனுப்புவது எனக்குத் தெரியாது. கடைத்தெருவில் ஜோமோள் கடை இருக்கிறது. ஏலக்காட்டில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன்கள் ஊருக்குப் பணம் அனுப்புவது அங்கேதான். மறுநாள் அங்கே போய் ரூபாயைக் கொடுத்து நம்பரையும் கொடுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாக்கோபு சேட்டா, சிசிலி சேச்சிக்கு அறியுமோ?"

"இது அமைப்பு இரகசியம், ஜோமோள்."

"ஓ. சரி." ஏதோ கடைச் சீட்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "சர்வர் ஸ்லோவா. பைசா போயிக்கோளும்." பணம் தானாகப் போய்விடுமாம். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

புதன்கிழமை போன் வந்தது.

"தோழர், கேட் பாஸ் பணம் வரலையே."

"அனுப்பியாயிற்று. ரசீது என்னிடம் இருக்கிறது."

"சத்தியமா வரலை தோழர். இன்னொரு தடவை அனுப்புங்க."

அந்த நொடியில்தான் எனக்குக் கண் திறந்தது. வாங்கிய பணத்தை வாங்கவில்லை என்கிறான். இவன் திருடன்! என் பிரசுரத்தில் எட்டாவது அம்சமாக இது வந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டிருக்கலாம். ஆனாலும் பழைய ரத்தம்.

"உன்னைப் போல எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்!" என்றேன்.

'தோழர்' போய் 'நீ' வந்தது. "யோவ் கிழவா, வண்டி உன் பேர்ல கிளம்பிருச்சு. போடிமெட்டு செக்போஸ்ட்ல நிக்குது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பணம் வரலைன்னா போலீஸ் வண்டி உன் வீட்டு வாசல்ல நிக்கும். உன்னையும் உன் பொண்டாட்டியையும் சேத்து ஏத்துவாங்க."

என்னை மட்டும் ஏற்றினால் எனக்குக் கவலையில்லை. வார்டர் காத்திருக்கிறார். ஆனால் சிசிலி? ஜெயிலில் எனக்கு இருந்த பெரிய நிம்மதியே அவள் வெளியே இருந்ததுதான். அதைவிட, முப்பது வருடம் நின்று தேய்ந்த அந்த முழங்கால்களோடு அவள் ஸ்டேஷன் படியேறுவதை நினைத்துப் பார்த்தேன். நான் செய்த முட்டாள்தனத்துக்கு அவள் கைரேகை வைப்பதை நினைத்துப் பார்த்தேன். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கொட்டாவி விட்டதாக முடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை சிசிலி வேலைக்குப் போகவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். பெரிய பானையில் உலை வைத்தாள்.

"எதற்கு இவ்வளவு அரிசி?"

"ஆளுக வருவாக."

"எந்த ஆளுக?"

"வரும்போது பாருங்க. நாலு பேரு."

நாலு பேர்! ஒரு எஸ்.ஐ., மூன்று போலீஸ். பரணிலிருந்து பழைய ஜெயில் பையை எடுத்தேன். அதில் கைலி, சோப்பு, பல்பொடி எல்லாம் அப்படியே இருந்தன.

"பையோட எங்க போறீங்க?"

"சும்மா... காய வைக்கலாமென்று."

"மழை பேயுதுங்க."

பதினொன்றரைக்கு மேட்டில் ஒரு வண்டி உறுமி ஏறுவது கேட்டது. கால்கள் தாமாகவே விறகு அடுக்குக்குப் பின்னால் போய்விட்டன. பிரேக் சத்தம். கனத்த காலடிகள். இரும்பு உரசும் ஓசை. கைவிலங்கு!

"யாக்கோபு இருக்காரா?" என்றது பழக்கமில்லாத ஓர் ஆண் குரல்.

"வெறகுக்குப் பின்னால இருக்காரு," என்றாள் சிசிலி. "வெளிய வரச் சொல்லுங்க."

காட்டிக்கொடுத்துவிட்டாள். பரவாயில்லை. அவளாவது தப்பிக்கட்டும். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

"என் மனைவிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை! எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு!"

வாசலில் ஜிபி நின்றான். பின்னால் மூன்று வேலையாட்கள். அவன் ஜீப்பின் தலையில், கயிறு போட்டுக் கட்டிய புத்தம் புதிய நீலத் தகரங்கள்.

"எதுல சம்பந்தம் இல்லண்ணே?" என்றான் ஜிபி.

நான் கையை இறக்க மறந்து நின்றேன்.

"தகரம் எங்கே இறக்குறதுன்னு கை காட்டுறாரு," என்றாள் சிசிலி. "அந்தப் பக்கமா வைங்கப்பா."

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"சிசிலி, இதற்குப் பணம்..."

"எந்தப் பணம்? நிதி நிலைமை சரியில்லைன்னீகளே."

கூரையைப் பார்த்தேன்.

"அந்த ரசீத எடுங்க. திருப்புங்க."

எடுத்தேன். இரண்டு நாளாக நெஞ்சோடு வைத்திருந்த தாள். திருப்பினேன். 'தகர ஷீட், நீலம், பதினெட்டு எண்ணம்.'

"ஜோமோள் எங்க குடும்பஸ்ரீ மகளிர் குழுவுல செக்ரெட்டரி. நீங்க அவகிட்டத்தேன் போவீகன்னு தெரியும். மொதல்லயே தகரக் கடைச் சீட்டக் குடுத்துச் சொல்லி வச்சேன், அவரு கொண்டாற காசு தகரத்துக்குத் தவிர எங்கயும் போகக் கூடாதுன்னு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பேங்க் நம்பரை மூணு தடவ கத்துனீகளே. சுருளியம்மா இன்னும் மறக்காம ஒப்பிக்கிறா."

பணம் வரவில்லை என்று சத்தியம் செய்தானே! அந்தத் திருடன் என்னிடம் சொன்ன ஒரே உண்மையை நான் நம்பவில்லை.

"போட்டோவ உங்க போன்லயே பாத்தேன்," என்றாள் அவள். "ஒண்ணுல கதவுல கோடு இருக்கு. அடுத்ததுல இல்ல. ரெண்டும் வேற வேற காரு. காய் பொறுக்குற கண்ணுங்க இது. அது கெடக்கட்டும். நாப்பது வருசம் சங்கத்துல இருந்தீக. ஏழு கோரிக்கையையும் பத்து நிமிசத்துல ஒத்துக்கிட்ட மொதலாளி ஒருத்தனைக் காட்டுங்க பாப்பம்."

நேர்மையாக யோசித்தேன். நாற்பது வருடத்தையும் வரிசையாக யோசித்தேன். ஒருவன்கூட இல்லை.

போன் அடித்தது. அவன்தான். நான் போனை நீட்டினேன். சிசிலி வாங்கினாள்.

"தம்பி, வண்டி வந்துருச்சு. நல்ல வண்டி. பணமும் குடுத்தாச்சு. நாலு பேருக்குச் சோறும் வச்சிருக்கேன், நீயும் வாரியா?"

எதிர்முனை துண்டித்துக்கொண்டது. அதன் பிறகு இன்றுவரை அழைப்பு இல்லை.

"சிசிலி," என்றேன். "அந்தப் பிரசுரக் கட்டில் பணம் இருப்பது..."

"ஓய்வு வாங்குன மறுநாளே பாத்தேன். கூரை தாங்காதப்ப எடுக்கலாம்னு விட்டு வச்சேன். நீங்க எழுதினதையும் வாசிச்சேன். நல்லாத்தேன் எழுதிருக்கீக. நீங்களும் ஒருக்கா வாசிக்கலாம்."

மேலே தகரம் ஏறத் தொடங்கியது. ஒரு மணிக்கு ஜிபி கூரையிலிருந்து குரல் கொடுத்தான். ஆணி போதவில்லையாம். பூப்பாறை போக வேண்டும். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"நீங்க போயிட்டு வந்துருங்க," என்றாள் சிசிலி. "ஜிபி கூட."

அது ஒன்றுதான் அவள் கோரிக்கை. பேச்சுவார்த்தை நடக்கவில்லை.

பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்த ஜீப்பின் முன்சீட்டில் ஏறி, பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வாசலில் நின்று சிசிலி கையாட்டினாள். முதல் வளைவை ஜிபி மெதுவாகத் திருப்பினான். அப்புறம் கியரை மாற்றிக்கொண்டே மரியாதையாகக் கேட்டான்:

"அண்ணே, காரு என்னா கலரு?"