மருமகன் இறக்கிய விமானம்

எங்கே வேண்டுமானாலும் “எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிடுவேன். மாமனார் வீட்டில் மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது. (அந்த வாசலை மிதித்தாலே நெஞ்சு இரண்டு இஞ்சு கூடிவிடும்.) அந்த வியாதியால் ஒரு விமானத்தையே காலி பண்ணியவன் நான்.

பயப்படாதீர்கள், ஆள் ஏறும் விமானம் இல்லை. ராணுவத்தில் இருக்கும் என் மைத்துனன் முருகேசன் மூன்று லீவுகளைத் தின்று தன் கையால் செய்த ரிமோட் விமானம். ஆள் நீளத்துக்கு இறக்கை, முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு குட்டிச் சக்கரம். முன்கால்களில் ஷாக் அப்சார்பர் வேறு. மறுநாள் அவனுக்கு ரயில். அதற்குள் அது ஒருமுறை பறந்து இறங்குவதைப் பார்த்துவிடத் தவித்தான்.

மகாராஜபுரம் பக்கம் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் குடும்பமே கூடியது. முருகேசன் விமானத்தை ஏற்றி, அழகாக வட்டமடிக்க விட்டான். இறக்கப்போகிற நேரத்தில் மாமனார் குறுக்கே வந்தார். அந்த வீட்டில் முதல் இலை, முதல் வெற்றிலை எல்லாம் மருமகனுக்குத்தான்.

“மருமகன் நிக்கும்போது நீ என்னலே? அவிய கையால மொதல்ல எறங்கட்டும்.”

முருகேசனின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அப்பா சொல்லைத் தட்டாமல் ரிமோட்டை நீட்டினான். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். வேகத்தைக் குறைத்து, தரையை ஒட்டி வந்ததும் மூக்கைத் தூக்கி, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும்படி வைக்கச் சொன்னான்.

“குதிச்சா மட்டும் ரிமோட்டு குச்சிய முன்னால தள்ளிராதீங்க மச்சான். வேகத்தக் கூட்டி மேல தூக்கிருங்க. இன்னொரு சுத்து வரலாம்.”

ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொள்ளும் என்றேன். (ராஜபாளையம் மில்லில் ஃபோர்மேன் என்கிற திமிர்.)

வந்த வேகத்தில் முன்சக்கரங்கள் தரையில் மோத, விமானம் எம்பியது. பதறிப்போய்க் குச்சியை முன்னால் தள்ளினேன். மறுபடி மோதி, இன்னும் உயரமாக எம்பியது. இழுத்தேன், தள்ளினேன், இழுத்தேன். நான்காவது மோதலில் ஒரு கால் முறிந்தது. வால் பக்கவாட்டில் சுழன்று, இறக்கை ஒடிந்து, கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது.

“காத்து தூக்கிருச்சு மாப்ள” என்று கூசாமல் சொன்னேன்.

முருகேசன் மரங்களைப் பார்த்தான். ஓர் இலை ஆடவில்லை. முள்ளுக்குள் நுழைந்து, உடைசல்களைப் பொறுக்கித் துண்டில் கட்டினான். கையெல்லாம் கீறல். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் “போய்ட்டு வாரேன் மச்சான்” என்று அதே மரியாதையோடு சொன்னான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அடுத்த லீவில் அதை ஒட்டி, பறக்கவிட்டு, பூப்போல இறக்கினான். அந்தப் பொய்யை மட்டும் நான் இன்றுவரை திரும்ப வாங்கவில்லை.

முதல் இலை இப்போதும் எனக்குத்தான். டி.வி. ரிமோட்டையும் மாமனார் முதலில் என்னிடம்தான் நீட்டுவார். உடனே என் மனைவி, “அப்பா, அவிய கைல குடுக்காதிய, காத்து அடிக்கி” என்பாள். வீடே சிரிக்கும். லீவில் வந்திருந்தால், முருகேசன் மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவான்.