ஆற்றோரம் அளந்த சக்கர அங்கிள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த இரண்டு இடங்களைச் சொன்னாலும், நாம் வாய் மூடுவதற்குள் நடுவே எத்தனை மீட்டர் என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் குடியிருக்கிறார். நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நீளக் கைப்பிடி வைத்த அளவைச் சக்கரத்தை ‘டிக் டிக்’ என்று உருட்டிக்கொண்டேதான் பாசாருக்கும் கோயிலுக்கும் போவார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் சக்கர அங்கிள்.

ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மேடையேறியவர் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, “தம்பி, மேடையிலேர்ந்து பந்திக்கு அறுபத்திரண்டு மீட்டர். வயசானவங்க எப்படி லா நடப்பாங்க?” என்று கேட்டார். மாப்பிள்ளை முழித்த முழி இன்றைக்கும் வீடியோவில் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் காதில், எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஆற்றோரமாக நடைபாதை வரப்போகிறது என்ற செய்தி விழுந்தால் கேட்கவா வேண்டும்? மனிதர் தரையில் நிற்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அவர் மனைவி லீலா ஆன்டிக்குச் சர்க்கரை. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்சாலையில் லோரிகள் விட்டால்தானே? பாவம் ஆன்டி, போர்ச்சில் நிற்கும் காரையே சுற்றிச் சுற்றி வருவார்.

“இத்தன தடவ கோயில சுத்தியிருந்தா மோட்சமே கெடச்சிருக்கும்,” என்பார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்த பாவத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அங்கிள் ஆற்றோரம் முழுக்கச் சக்கரம் உருட்டினார். இங்கே பெஞ்சு, இங்கே விளக்கு, இங்கே சைக்கிள் திரும்பும் இடம் என்று சுண்ணாம்பால் குறி போட்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பெட்டாலிங் ஜெயா ஆபீசில் உட்கார்ந்துகொண்டு பெஞ்சுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். கரைக்கும் வீட்டு வேலிக்கும் நடுவே நாலு மீட்டர் வேண்டும். ஒரு வீடு மறித்தாலும் பாதை எதிர்க்கரைக்குப் போய்விடும் என்று நகராண்மைக் கழகம் சொல்லிவிட்டது. எங்கள் வரிசையிலோ பின்வேலி ஓர் இடத்தில் நிற்கும் பொருளே அல்ல. தீபாவளிக்குத் தீபாவளி ஆற்றைப் பார்த்து ஓரடி நகரும்.

நாலு மீட்டருக்குக் கோடு போட அங்கிள் சிவப்புப் பெயிண்டோடு கிளம்பினார். என் கோழிக்கூடு கோட்டுக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுப் பப்பாளியும் அப்படியே. “ரிசர்வ் லேண்ட் லா! கவர்மெண்டு நெலம்! ஒடச்சிடுங்க!” என்று கத்தினார். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் உடைத்தோம். கடைசியாக அவர் வீடு. சக்கரம் நேராக ஆன்டியின் பின்கட்டு அடுப்படிக்குள் போய், அடுப்பில் முட்டி நின்றது.

ஆன்டி கரண்டியோடு திரும்பினார். “கோட்டப் போட்டீங்க, இந்த வீட்ல இனிமே மீன் கொழம்பு கெடையாது.”

அங்கிள் பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டார்.

சனிக்கிழமை காலை நகராண்மைக் கழக அதிகாரி வந்தார். வீடு வீடாக அங்கிள் சக்கரம் உருட்டி எண்ணைச் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். அவ்வளவு நம்பிக்கை. கடைசி வீடு.

“பெராப்பா மீட்டர், பாக்சிக்?” எத்தனை மீட்டர் என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

“நாலு,” என்றார் அங்கிள், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டரை. அதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“சாலா, என்சிக்! தப்பு சார்! ரெண்டரதான்! என் அடுப்பு ரிசர்வ்ல இருக்கு!” விரலால் இரண்டரை காட்டிக்கொண்டே ஆன்டி வெளியே வந்தார். பிறகு அங்கிள் பக்கம் திரும்பி, “ஆயுசுல ஒரு அங்குலம் பொய் சொல்லாத மனுஷன், என் அடுப்புக்காகவா சொல்லணும்? ஒடைங்க,” என்றார்.

“அப்ப மீனு எங்க பொரிப்ப?”

“உள்ள பொரிச்சிக்கிறேன். வீடு நாறட்டும்.”

அன்று மத்தியானமே நாங்கள் ஆளுக்கொரு சுத்தியலோடு போனோம். முதல் அடியை ஆன்டிதான் அடித்தார்.

இப்போது பாதை வந்துவிட்டது. செந்தூலிலிருந்துகூட ஆட்கள் சைக்கிள் மிதிக்க வருகிறார்கள். போன வாரம் காலையில் அங்கிளும் ஆன்டியும் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். ஆன்டிக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“எவ்ளோ ஆச்சு?”

“ஆயிரத்து எரநூறு. நேத்தவிட ஜாஸ்தி!” என்றார் அங்கிள்.

சக்கரம் எண்ணூறு காட்டியது. ஆன்டியும் அதைப் பார்த்தார்.

“அப்படியா? இன்னிக்கு நல்லாத்தான் நடந்திருக்கேன்,” என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நானும் பின்னாலேயே நடந்தேன். இப்படி ஒரு மனிதர் எங்கள் வரிசையில் இருப்பதற்கு நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.